ஐம்பது ஆண்டுகளைக் கடந்த ஹோண்டா கோல்டு விங்: வேகத்துக்காகப் பிறந்து நெடும்பயணத்துக்காக வளர்ந்த மோட்டார் சைக்கிள்

நெடுந்தூரப் பயணத்துக்கான மோட்டார் சைக்கிள் என்றதும் உலகெங்கும் நினைவுக்கு வரும் பெயர்களுள் ஒன்று ஹோண்டா கோல்டு விங். காற்றைத் தடுக்கும் அகன்ற முகப்பு, பொருள்கள் வைக்கும் பெட்டிகள், பின்னால் அமர்பவருக்குச் சாய்மானம் ஆகியவை இதன் இன்றைய அடையாளங்கள். ஆனால், 1974 அக்டோபரில் ஜெர்மனியின் கொலோன் நகரக் கண்காட்சியில் அறிமுகமானபோது இவற்றுள் எதுவும் அதில் இல்லை. அதனைப் பயண வாகனமாக மாற்றியதில் பொறியாளர்களைப் போலவே வாடிக்கையாளர்களுக்கும் பெரும் பங்கு உண்டு.

தோன்றிய பின்னணி

1969-ல் வெளியான ஹோண்டாவின் சிபி 750 சந்தையில் பெரும் வரவேற்பைப் பெற்றது. 1972-ல் கவாசாகி நிறுவனம் 903 சிசி திறன் கொண்ட இசட் 1 வாகனத்தைக் களமிறக்கி அதற்குச் சவால் விடுத்தது. இழந்த முதலிடத்தை மீட்க, ஷோய்ச்சிரோ இரிமஜிரி தலைமையிலான ஹோண்டா குழு 1,470 சிசி, ஆறு சிலிண்டர் கொண்ட சோதனை வாகனத்தை உருவாக்கியது. எஞ்சினும் அதன் பின்னால் இருந்த கியர்பாக்ஸும் நீளமாக இருந்ததால், ஓட்டுநர் வசதியாக அமர இடமில்லாமல் போனது. எனவே, சிலிண்டர்கள் நான்காகக் குறைக்கப்பட்டு, கியர்பாக்ஸ் எஞ்சினின் அடிப்பகுதிக்கு மாற்றப்பட்டது. அவ்வாறு உருவானதே 999 சிசி திறன் கொண்ட ஜிஎல் 1000.

எஞ்சினின் சிறப்பு

இந்த எஞ்சினின் சிலிண்டர்கள் பக்கத்துக்கு இரண்டாகப் படுக்கை வசத்தில் அமைந்தவை. பிஸ்டன்கள் எதிரெதிர்த் திசைகளில் நகர்வதால் அதிர்வு பெருமளவு தணிகிறது. எடை தாழ்வாக இருப்பதால் வாகனம் நிலையாக ஓடுகிறது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு நீர்வழிக் குளிரூட்டலுடன் விற்பனைக்கு வந்த முதல் ஜப்பானிய மோட்டார் சைக்கிளும் இதுவே.

எரிபொருள் தொட்டி இருக்கைக்கு அடியில் வைக்கப்பட்டது. வழக்கமான இடத்தில் தொட்டி போலத் தெரிவது வெறும் உறை. அதற்குள் மின் பாகங்கள் இருந்தன. சக்கரத்தைச் சுழற்றச் செயினுக்குப் பதிலாக ஷாஃப்ட் பயன்படுத்தப்பட்டதால், வழியில் நிறுத்தி எண்ணெய் இடவோ இறுக்கவோ வேண்டிய தேவை எழவில்லை.

பாதையை மாற்றிய பயணிகள்

அதிர்வின்மையும் குறைந்த பராமரிப்பும் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பயணிகளைக் கவர்ந்தன. அவர்கள் கிரெய்க் வெட்டர் வடிவமைத்த விண்ட்ஜாமர் முகப்பு உறையையும் பெட்டிகளையும் தாங்களாகவே வாங்கிப் பொருத்திக்கொண்டனர். இதனைக் கவனித்த ஹோண்டா, 1980-ல் ஜிஎல் 1100 வரிசையில் முகப்பு உறையும் பெட்டிகளும் ஆலையிலேயே பொருத்தப்பட்ட இன்டர்ஸ்டேட் மாடலை வெளியிட்டது. அதே ஆண்டு அமெரிக்காவின் ஓஹையோ மாநிலம் மேரிஸ்வில் ஆலையில் கோல்டு விங் உற்பத்தியும் தொடங்கியது. பின்னாளில் உற்பத்தி ஜப்பானின் குமாமோட்டோ ஆலைக்கு மாற்றப்பட்டது.

வசதியும் எடையும்

வசதிகள் பெருகப் பெருக எடையும் கூடியது. 1988-ல் வந்த ஜிஎல் 1500, ஆறு சிலிண்டர்களுடன் 1,520 சிசி திறனை எட்டியது. அந்த எடையைக் காலால் தள்ளிப் பின்னோக்கி நகர்த்துவது கடினம் என்பதால், ஸ்டார்ட்டர் மோட்டாரின் உதவியுடன் இயங்கும் ரிவர்ஸ் வசதி சேர்க்கப்பட்டது.

2001-ல் அலுமினியச் சட்டகத்துடன் 1,832 சிசி ஜிஎல் 1800 அறிமுகமானது. அதன் 2006 மாடலில் ஏர்பேக் இடம்பெற்றது. விற்பனைக்கு வந்த மோட்டார் சைக்கிள் ஒன்றில் ஏர்பேக் பொருத்தப்பட்டது உலகிலேயே அதுதான் முதல் முறை. நேருக்கு நேர் மோதலில் ஓட்டுநர் முன்னால் தூக்கி எறியப்படும் வேகத்தைக் குறைப்பதே அதன் நோக்கம்.

2018-ல் முழுமையாக மறுவடிவமைக்கப்பட்ட மாடல், முந்தையதைவிடச் சுமார் 40 கிலோ எடை குறைந்தது. முன்புறம் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன் இடம்பெற்றதால், சாலைக் குழிகளின் அதிர்ச்சி ஹேண்டில்பாருக்குச் செல்வது குறைந்தது. கிளட்ச் பிடிக்கத் தேவையில்லாத ஏழு கியர் டிசிடி அமைப்பும் அறிமுகமானது. எனினும், டிசிடி கொண்ட டூர் மாடலின் எடை இன்றும் 380 கிலோவைத் தாண்டுகிறது.

இந்தியாவில்

இந்தியாவுக்கு இந்த வாகனம் முழுமையாகத் தயாரிக்கப்பட்ட நிலையிலேயே இறக்குமதி ஆகிறது. 2025-ல் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புப் பதிப்பு வெளியானபோது அதன் ஷோரூம் விலை சுமார் 40 லட்சம் ரூபாயாக இருந்தது. எனவே, பலருக்கு இது எட்டாக் கனியே. ஆயினும், நெடும்பயணத்துக்கான மோட்டார் சைக்கிளை மதிப்பிடும்போது வேகத்தை மட்டும் பாராமல், அதிர்வு, எடை, காற்றுத் தடுப்பு, பராமரிப்பு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும் என்பதை கோல்டு விங்கின் வரலாறு உணர்த்துகிறது. எந்த விலையில் வாகனம் வாங்குவோருக்கும் இந்த அளவுகோல் பொருந்தும்.