காயம்பட்ட வீரர் உலகத் தரமானவரா?

அடிக்கடி காயமுற்று ஆட முடியாமல் போகும் கால்பந்து வீரரை உலகத் தரம் வாய்ந்தவர் எனலாமா? ஹாலந்து நாட்டு மார்கோ வான் பாஸ்டனை எடுத்துக்கொள்வோம்.

1987-இல் இவர் இத்தாலியின் ஏ.சி. மிலான் அணியில் சேர்ந்தார். கணுக்கால் காயத்தால் முதற்பருவத்தில் 11 லீக் ஆட்டங்களே ஆடினார். வருகைப் பதிவேட்டை வைத்து மதிப்பெண் போட்டால் தேறியிருக்கவே மாட்டார்! ஆனால் 1988-இல் நடந்த ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில் என்ன செய்தார், பாருங்கள். முதல் ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராகத்தான் இறங்கினார். அடுத்து இங்கிலாந்துக்கு எதிராக 3 கோல்கள்; அரையிறுதியில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராக வெற்றி கோல். மியூனிக் நகரில் சோவியத் யூனியனுடன் இறுதியாட்டம். உயரே வந்த பந்தைத் தரையில் விழவிடாமல், கோல் போடவே இயலாதென்று தோன்றும் வலது ஓரத்திலிருந்து உதைத்தார். பந்து கோல்காப்பாளரின் தலைக்கு மேலே பறந்து வலைக்குள் புகுந்தது. ஹாலந்து 2-0 என்று வென்றது. ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து விருது அவ்வாண்டும், 1989, 1992 ஆண்டுகளிலும் அவருக்கே கிடைத்தது.

ஆடாத வீரரால் அணிக்கு என்ன பயன் என்று பயிற்சியாளர் கேட்பது நியாயமே. அது எத்தனை நாள் ஆடினார் என்ற கணக்கு. தரம் என்பதோ எப்படி ஆடினார் என்பதைப் பொறுத்தது. ஆகவே அவர் உலகத் தரமானவரே என்பது எங்கள் கருத்து.

கணுக்கால் மூட்டில் எலும்புகள் உராயாமல் காப்பது குருத்தெலும்பு. அது சிதைந்தால் எளிதில் வளர்வதில்லை. அறுவைச் சிகிச்சைகளும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. 1995-இல் ஓய்வை அறிவித்தார். அவர் கடைசியாக ஆடியது 1993 மே மாதம், 28 வயதில், அதே மியூனிக் மைதானத்தில்.