உணவுக்குழாய்ப் புற்றுநோயும் ரோபாட் ரண சிகிச்சையும்

உணவுக்குழாய் மூச்சுக்குழலுக்குப் பின்னாலும் இருதயத்தை ஒட்டியும் இறங்கி இரைப்பையை அடைகிறது. அதில் புற்றுநோய் கண்டால், நோயுற்ற பகுதியை நீக்கி, இரைப்பையைக் குழாய்போலத் தைத்து மேலே இழுத்து இணைப்பார்கள். விலா எலும்புகளை விலக்கி மார்பைத் திறந்து செய்வதே நெடுநாளைய வழக்கம். அந்தக் காயத்தின் வேதனையால் நோயாளி ஆழ மூச்சிழுக்கவும் இருமவும் இயலாமற் போகிறார்; நிமோனியா ஜுரம் நுழைவதற்கு அதுவே வாசல்.

ரோபாட் முறையில் சிறு துளைகள் வழியே கருவிகள் செல்கின்றன. யந்திரமே அறுக்கிறது என்று அங்கத்தினர்கள் எண்ணிவிடலாகாது. சர்ஜன் சற்றுத் தள்ளி அமர்ந்து, பெரிதாகத் தெரியும் உருவத்தைப் பார்த்தவாறு, கையாலும் கால்மிதியாலும் கருவிகளை இயக்குகிறார். குழித்தறியில் அமரும் நெசவாளருக்கு இதை விளக்கவும் வேண்டுமோ! கைநடுக்கத்தை யந்திரம் வடிகட்டிவிடுகிறது.

நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரில் 112 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆராய்ச்சி 2019-ல் வெளியாயிற்று. நுரையீரல் தொல்லை, மார்பைத் திறந்த பிரிவில் நூற்றுக்கு 58 பேருக்கும், ரோபாட் பிரிவில் 32 பேருக்கும் ஏற்பட்டது. ஆனால் உயிர்வாழும் காலத்தில் கணிசமான வேறுபாடு காணப்படவில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 2012-ல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆராய்ச்சியில், ரோபாட் இன்றியே துளை வழியாகச் செய்தபோது, ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களில் நுரையீரல் தொற்று நூற்றுக்கு 34-லிருந்து 12 ஆகக் குறைந்தது. ஆதலின் நன்மையில் பெரும்பங்கு துளையின் சிறுமைக்கே உரியது என்பது என் கருத்து. ரோபாட்டுக்காகவே நிலத்தை அடமானம் வைக்க முனைபவர், 'இந்த ரண சிகிச்சையை ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்?' என்று சர்ஜனிடம் முதலில் கேட்பது நலம்.