மறுப்பிலே மலர்ந்த காதற் பாட்டு

அன்பை வாய்விட்டு உரைப்பதா, உள்ளத்தில் வைத்துப் போற்றுவதா என்பது இல்லறத்திலே அடிக்கடி எழும் வினா. மேலைநாட்டு மென்மையான றொக் இசையிற் பெரும்புகழ் பெற்ற பாடலொன்று இவ்வினாவிலிருந்தே பிறந்தது. ‘டென் சிசி’ என்னும் ஆங்கிலேயக் குழுவினர் 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஐம் நொட் இன் லவ்’ என்பதே அப்பாடல். ‘நான் காதல் கொள்ளவில்லை’ என்பது தலைப்பின் பொருள்.

குழுவின் பாடகர் எரிக் ஸ்டுவர்ட் தம் அன்பைப் போதிய அளவு சொல்லிக் காட்டுவதில்லை என்று அவர் மனைவி குறைபட்டார். ஓயாது சொல்லிக்கொண்டிருந்தால் அச்சொல்லே பொருளற்றுத் தேய்ந்துவிடும் என்பது ஸ்டுவர்ட்டின் எண்ணம். ஆகவே, சொல்லாமற் சொல்லும் வழியொன்றைத் தேடினார். காதலை மறுக்கும் ஒருவன் அடுக்கும் காரணங்கள் யாவும் அவன் காதலையே காட்டிக்கொடுக்கும்படி பாட்டை அமைத்தார். கிரஹம் கூல்ட்மன் அதனை இயற்றுவதில் துணைநின்றார்.

முதலில் அது பிரேசில் நாட்டுப் பொஸா நோவா தாளத்தில் அமைந்தது. அவ்வடிவம் குழுவினருக்குப் பிடிக்கவில்லை. கைவிட்டு, ஒலிநாடாவிலிருந்தும் அழித்துவிட்டனர். ஆனால், ஸ்டொக்போர்ட் நகரிலிருந்த அவர்களது ‘ஸ்ட்ரோபெரி’ ஒலிப்பதிவுக் கூடத்தின் பணியாளர்கள் அம்மெட்டையே முணுமுணுத்துத் திரிந்தனர். எனவே பாட்டை மீண்டும் கையிலெடுத்தனர். வாத்தியங்களைக் குறைத்துக் குரல்களாலேயே பின்னணி அமைப்போம் என்றார் கெவின் கொட்லி.

அதன் முறை வியப்புக்குரியது. கூல்ட்மன், கொட்லி, லொல் கிறீம் ஆகிய மூவரும் ஒவ்வொரு சுரத்தையும் 16 தடவை பாடிப் பதிந்தனர். இவ்வாறு ஒரு சுரத்துக்கு 48 குரல்கள். ஒரு ஸ்தாயியின் 12 சுரங்களும் மேல் ஸட்ஜமும் சேர்ந்து 13 ஆக, மொத்தம் 624 குரல்கள். ஒவ்வொரு சுரமும் முடிவின்றி ஒலிக்கும்படி நாடாவை வளையமாக ஒட்டிச் சுழலவிட்டனர். பின்னர் நால்வரும் ஒலிக்கலவைப் பலகையின் முன் அமர்ந்து, ஒலி கூட்டிக் குறைக்கும் பிடிகளை வாத்தியக் கட்டைகள் போல் இயக்கினர். குரல்கள் முற்றாக அடங்கிவிடாதிருக்க, பிடிகள் அடிமட்டம்வரை இறங்காமல் ஒட்டுநாடாவால் தடுத்தும் வைத்தனர். கணினி கைகொடுக்காத காலத்திலே இத்தனையும் மனித உழைப்பால் நடந்தது. இடையிலே மெல்லக் கேட்கும் பெண்குரல், கூடத்தின் வரவேற்பாளருடையது.

பாடல் 1975இல் பிரித்தானியாவில் முதலிடத்தையும் அமெரிக்காவில் இரண்டாமிடத்தையும் எய்தியது.

பாட்டைச் செவிகொடுத்துக் கேளுங்கள். மேலே ஒருவன் காதலை மறுக்கிறான். கீழே அக்குரற்கடல் கணமும் ஓயாது ஒலிக்கிறது. கேட்கும் நமக்கு அவன் நெஞ்சம் தெளிவாக விளங்குகிறது. அவன் யாரை நோக்கிப் பாடுகிறானோ, அவளுக்கும் விளங்கியிருக்குமா? மனைவியின் குறையில் நியாயம் இல்லாமலில்லை.