ஷாக் அப்சார்பர் எனக்கு நடத்திய பாடம்

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் ‘அலைவுகள்’ பாடம் நடத்தும்போது, தடையுறு அலைவுகளுக்கு வண்டியின் ஷாக் அப்சார்பரை எடுத்துக்காட்டாகச் சொல்லிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடுவது என் வழக்கம். அந்த எடுத்துக்காட்டை நானே பாதிதான் புரிந்துகொண்டிருந்தேன் என்பது என் காரில் கைவைத்த பிறகு தெரிந்தது.

திருப்பூரிலிருந்து பல்லடம் பக்கமுள்ள பள்ளிக்கு நாங்கள் நான்கு ஆசிரியர்கள் என் பழைய காரில் சேர்ந்து போகிறோம். நால்வரும் ஏறினால் வண்டி வளைவில் சாயும். மேடு தாண்டினால் இரண்டு மூன்று முறை ஆடி ஓயும். தேய்ந்த ஷாக் அப்சார்பர்களைக் கழற்றிவிட்டு, இறுக்கத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கக்கூடிய வகையைப் பொருத்தினேன். தடை மாறுநிலை அளவை எட்டினால் பொருள் ஊசலாடாமல் மிக விரைவில் சமநிலைக்கு வரும் என்பது பாடம். அதை நம்பி, நான்கு திருகுகளையும் கடைசிவரை இறுக்கினேன். பானெட்டை அமுக்கிவிட்டால் ஆடாமல் எழுந்து நின்றது. மகிழ்ந்துபோனேன்.

அந்த மகிழ்ச்சி ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. பனியன் கம்பெனிகளின் முன்னால் இருக்கும் வேகத்தடைகளும், குழாய் பதிக்கத் தோண்டி மூடிய பள்ளங்களும் முதுகெலும்பில் இடித்தன. முதுகுவலி உள்ள சக ஆசிரியை பேருந்துக்கு மாறிவிட்டார். அதைவிட மோசம், பெயர்ந்துகிடந்த ஒரு வளைவில் பிரேக் பிடித்தபோது சக்கரங்கள் துள்ளி, நான் எதிர்பார்த்ததைவிடத் தள்ளிப்போய்த்தான் வண்டி நின்றது.

வகுப்பில் இதை ஒளிக்காமல் சொன்னேன். ஒரு மாணவன் கேட்டான்: “சார், நீங்க மேலயிருந்து அமுக்கிப் பார்த்தீங்க. ரோடு கீழயிருந்துதானே தள்ளுது?”

கேள்வி சரியான இடத்தில் விழுந்தது. சுருள்வில்லின் விசை இடப்பெயர்ச்சியைப் பொறுத்தது. ஷாக் அப்சார்பரின் விசை திசைவேகத்தைப் பொறுத்தது. உள்ளே எண்ணெய் சிறு துளைகளின் வழியே போயாக வேண்டும். திருகை இறுக்கினால் அந்த வழி குறுகும். சக்கரம் வேகத்தடையில் சட்டென்று எழும்போது எண்ணெய் அவ்வளவு விரைவாக வழிவிடாது. அதிர்ச்சி அப்படியே வண்டியின் உடலுக்குப் போகும். ஆட்டத்தை அடக்குகிற உறுப்பே அதிர்ச்சி ஏறிவரும் வழியாகவும் ஆகிறது. பள்ளத்தில் இறங்கவேண்டிய சக்கரமும் மெதுவாக இறங்கும். அந்த நொடியில் டயருக்குத் தரைப் பிடிமானம் இல்லை. ‘கெட்டியாக இருந்தால் பிடிமானம் கூடும்’ என்பது கோவை செட்டிபாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற சமமான பந்தயத் தடத்துக்குப் பொருந்தலாம். குண்டும் குழியுமான சாலைக்குப் பொருந்தாது.

கரும்பலகையில் கணக்கும் போட்டோம். ஒரு சக்கரத்தின் மேல் 250 கிலோ நிறை, சுருள்வில் மாறிலி மீட்டருக்கு 15,000 நியூட்டன் என்று வைத்துக்கொண்டால் அதிர்வெண் சுமார் 1.2 ஹெர்ட்ஸ். நிறை 300 கிலோ ஆனால் 1.1 ஹெர்ட்ஸ். திருகு அதே நிலையில் இருந்தாலும், நிறை கூடும்போது தடை ஒப்பீட்டளவில் குறைகிறது. ஆள் ஏறினால் ஆட்டம் கூடுவது அதனால்தான். மேலும் கீழுமான அதிர்வில் நம் உடல் அதிகம் உணர்வது 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரை. அதைச் சுருள்வில் வடிகட்ட வேண்டுமானால் தடை அளவோடு இருக்க வேண்டும். சாதாரணக் கார்களில் அது மாறுநிலை அளவில் ஏறத்தாழ 0.2 முதல் 0.4 பங்குதான்.

இதற்கு ஆய்வகமே தேவையில்லை. சுருள்வில்லில் ஓர் எடையைத் தொங்கவிட்டு, மேல்முனையைப் பிடித்த கையை வேகமாக மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். எடை ஏறக்குறைய அசையாமல் நிற்கும். பிறகு சுருள்வில்லோடு சேர்த்து ஒரு குச்சியை இரு முனையிலும் கட்டி அசைக்கச் சொல்லுங்கள். எடை கையோடு சேர்ந்து குதிக்கும். கடைசிவரை இறுக்கிய ஷாக் அப்சார்பர் அந்தக் குச்சிக்குச் சமம்.

பிறகு காரை முறையாகச் சரிசெய்தேன். டயர் காற்றழுத்தம், ஆட்களின் எண்ணிக்கை, சாலை, வேகம் ஆகியவற்றை மாற்றாமல், முன்பக்கம் இரண்டையும் ஒரே அளவாகவும், பின்பக்கம் இரண்டையும் ஒரே அளவாகவும் வைத்து, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து நோட்டில் குறித்தேன். ஏறக்குறைய நடுநிலையில், மெதுப்பக்கம் சற்றுத் தள்ளி, எங்கள் சாலைக்கு ஏற்ற இடம் கிடைத்தது. வளைவில் சாய்வு கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அதற்கு வேகத்தைக் குறைப்பதுதான் வழி. திருகு எல்லாவற்றையும் தந்துவிடாது.

உங்கள் வண்டியில் மாற்றுவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

முதுகுவலி ஆசிரியை மறுபடியும் எங்களோடு வருகிறார். இப்போது அந்தப் பாடத்தை ‘தடை எவ்வளவு இருந்தால் நல்லது?’ என்று தொடங்குவதில்லை. ‘தள்ளுவது யார், எங்கிருந்து?’ என்ற அந்த மாணவனின் கேள்வியோடு தொடங்குகிறேன்.