சிறுவர் கூடிச் செய்யும் பள்ளிக் கொடி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

கொடி என்பது எழுத்தறியாதவரும் படிக்கக்கூடிய ஏடு. நாட்டுக்குக் கொடி உண்டு; கட்சிக்கு உண்டு; கோவில் திருவிழாவுக்கும் உண்டு. ஐந்து வகுப்புகளே உள்ள சிற்றூர்ப் பள்ளிக்கு ஒரு கொடி இருந்தால் என்ன? அதை அப்பள்ளிப் பிள்ளைகளே கூடி வரைந்தால் என்ன?

"பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?" என்பார் உளர். வரலாறு அவர்களுக்கு விடை சொல்கிறது. அலாஸ்கா தனி மாநிலமாகும் முன்பே, 1927-இல், அங்குள்ள பள்ளி மாணவர்க்குக் கொடிப் போட்டி ஒன்று நடந்தது. வென்றவன் ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்த பென்னி பென்சன் என்னும் சிறுவன். நீல வானில் சப்தரிஷி மண்டலத்தின் ஏழு விண்மீன்கள், மேலே துருவ மீன். அவ்வளவே அவன் வரைந்தது. 1959-இல் அலாஸ்கா மாநிலமான பின்னும் அக்கொடியே நிலைத்தது.

பாப்புவா நியூகினியின் கதை இன்னும் சுவையானது. அங்கு முதலில் பெரியவர்கள் ஒரு கொடியை வரைந்து ஊர் ஊராகக் காட்டினர். மக்கள் மனம் அதில் ஒட்டவில்லை. சூசன் கரிகே என்ற 15 வயதுப் பள்ளி மாணவி அதிலிருந்த சொர்க்கப் பறவையையும் தென்சிலுவை விண்மீன்களையும் வைத்துக்கொண்டாள், பட்டைகளை நீக்கினாள். மூலைக்கு மூலை கோடு கிழித்து, தம் மக்களின் கலைகளில் வழங்கிவரும் சிவப்பையும் கறுப்பையும் இட்டாள். 1971-இல் அது ஏற்கப்பட்டது. 1975-இல் விடுதலை பெற்றபோது அந்நாட்டின் கொடியும் அதுவே.

இவ்விருவரும் தனித்து வரைந்தவர்கள். முப்பது பிள்ளைகள் கூடி வரைவது எப்படி? ஒருத்திக்குப் பள்ளி வாசல் புளியமரம் வேண்டும். ஒருவனுக்கு ஏரி வேண்டும். இன்னொருவனுக்குக் கிரிக்கெட் மட்டை வேண்டும். எல்லாவற்றையும் வரைந்தால் அது கொடியாகாது, சந்தையாகும். வாக்கெடுத்தாலோ ஒருவர் வெல்வார், மற்றவர் தோற்பார். தோற்றவர்க்கு அது பிறர் கொடி. ஆகவே ஐவர் ஐவராகப் பிரித்து, ஒவ்வொருவரும் வரைந்ததை நடுவில் வைக்கச் சொல்லலாம். பலர் தாளிலும் திரும்பத் திரும்ப வருவது எதுவோ அதை அவர்களே கண்டெடுக்கட்டும். பிறகு குழுக்கள் ஒன்றுகூடி, மீண்டும் அவ்வாறே செய்யட்டும். தன் மட்டையை விட்டுக்கொடுத்த சிறுவன், புளியமரத்தின் பச்சையைத் தானே தேர்ந்தால், கொடியில் அவனுக்கும் பங்குண்டு.

வரைந்ததைச் சோதிக்க அறிவியல் உதவும். 60 செ.மீ. உயரமும் 90 செ.மீ. நீளமும் உள்ள கொடியை 30 மீட்டர் தொலைவில் பார்க்கிறோம் என்று கொள்வோம். வடிவொத்த முக்கோண விதிப்படி, 1 செ.மீ. உயரமும் 1½ செ.மீ. நீளமும் உள்ள படத்தை அரை மீட்டர் தள்ளிப் பார்ப்பதற்கு அது சமம். அவ்வளவு சிறிதாக வரைந்தும் விளங்குவது எதுவோ அதுவே கொடிக்கு உகந்தது. நீலத்தின் அருகே கறுப்பு வந்தால் தொலைவில் இரண்டும் ஒன்றாகிவிடும். மஞ்சளோ வெள்ளையோ வந்தால் எடுப்பாகத் தெரியும். எழுத்தும் வேண்டாம், துணியின் மறுபுறத்தில் அது இடவலம் மாறிவிடும். இறுதியாக, வேறு வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு நிமிடம் காட்டி, மறைத்துவிட்டு வரையச் சொல்ல வேண்டும். அவர்கள் வரைந்துவிட்டால் கொடி வென்றது.

ஒன்றை மறக்கலாகாது. 2002-ஆம் ஆண்டின் இந்தியக் கொடி நெறிமுறைப்படி, வேறெக்கொடியும் தேசியக் கொடிக்கு மேலே பறக்கக்கூடாது. பள்ளிக் கொடிக்குத் தனிக் கம்பமும் தாழ்ந்த இடமும் போதும்.

இதனால் என்ன பயன்? எங்கள் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் ஊரார் பள்ளியை "கவர்மெண்டுப் பள்ளிக்கூடம்" என்பார்களே தவிர, "நம்ம பள்ளிக்கூடம்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. தமதல்ல என்று எண்ணும் இடத்திலிருந்து பிள்ளைகள் எளிதில் நின்றுவிடுகிறார்கள். தான் நிறம் தேர்ந்த கொடி பறக்கும் இடத்தை எந்தப் பிள்ளையும் பிறர் இடம் என்று எண்ணாது.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும் நண்பர்களே! அடுத்த முறை மண்வெட்டியோடு கொஞ்சம் வண்ணத் தாளும் எடுத்துச் செல்லுங்கள். பென்சிலை மட்டும் பிள்ளைகளின் கையிலேயே விட்டுவிடுங்கள்.