உயிரெழுத்து இல்லாமல் பிறந்த சொல்

கணினி விளையாட்டில் எதிராளியைத் தலைதூக்க விடாமல் நொறுக்கியவர் திரையில் தட்டிவிடும் சொல் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதற்கு மூன்றே எழுத்துகள்: பி, டபிள்யூ, என். உள்ளபடி தமிழில் எழுதினால் 'ப்வ்ன்'. தனிமெய்யில் சொல் தொடங்காது என்பது தொல்காப்பிய விதி. ஆங்கிலம் பேசுவோர் நாவிலும் இது எளிதில் புரளாது.

இதன் தாய்ச்சொல் 'ஓன்'. சொந்தமாக வைத்திருப்பது என்று பொருள். அடுத்தவர் கணினிக்குள் புகுந்து அதன் முழுக் கட்டுப்பாட்டையும் பிடித்துவிட்ட ஹேக்கர்கள், அந்த வெற்றியை இந்தச் சொல்லால்தான் குறித்தார்கள். 1996இல் வந்த 'குவேக்' போன்ற விளையாட்டுகளை இணையம் வழியே மோதி ஆடியவர்களிடமும் அது பரவியது. விசைப்பலகையின் மேல்வரிசையில் 'ஓ'வும் 'பி'யும் பக்கத்துப் பக்கத்து விசைகள். முன்னது மோதிரவிரலுக்கு, பின்னது சுண்டுவிரலுக்கு. சண்டைக்கு நடுவே தட்டச்சு செய்பவர் பிழை திருத்த நின்றால் அதற்குள் சுடப்பட்டுவிடுவார். விரல் வழுக்கியது வழுக்கியபடியே திரைக்குப் போகும்.

விரல் தினமும்தான் வழுக்குகிறது. இந்தப் பிழை மட்டும் ஏன் பிழைத்தது? 1980களின் மின்னணு அறிக்கைப் பலகைகளிலேயே 'லீட்' என்றொரு எழுத்துமுறை வளர்ந்திருந்தது. எழுத்துக்குப் பதில் எண்ணைப் போடுவார்கள். 'லீட்' என்ற பெயரையே 1337 என்று எழுதுவார்கள். அந்த வட்டத்தில் எழுத்தைக் குலைப்பதுதான் உள்ளாள் என்பதற்கு அடையாளம். 'ஓன்' யாருக்கும் புரியும். இது ஆடியவர்களுக்கு மட்டுமே புரியும். அதனால் தவறி விழுந்ததை வேண்டுமென்றே எழுதத் தொடங்கினார்கள். 'வார்கிராஃப்ட்' விளையாட்டை வடிவமைத்த ஒருவரின் எழுத்துப்பிழைதான் மூலம் என்ற கதையும் உலவுகிறது. அதற்குச் சான்று கிடைத்ததில்லை.

என்னை மிகவும் கவர்வது இதன் உச்சரிப்புதான். பெரும்பாலான சொற்கள் வாயில் பழகிய பிறகே கைக்கு வரும். இது கையில் பிறந்து, பிறகு வாயைத் தேடிப் போனது. ஒருவர் குரலை ஒருவர் கேட்டிராத ஆட்டக்காரர்கள் அவரவர்க்குத் தோன்றியபடி வாசித்தார்கள். சதுரங்கச் சிப்பாயின் ஆங்கிலப் பெயரைப் போல 'பான்' என்றார்கள் சிலர். 'பவுன்' என்றார்கள் வேறு சிலர். பெரும்பாலோர் வந்து சேர்ந்த இடம் 'போன்'. எழுத்தில் ஒழிந்த உயிரை மனம் விடவில்லை. ப் என்ற மெய்யின் மேல் ஓன் ஏறிப் 'போன்' ஆயிற்று. பள்ளியில் படித்த புணர்ச்சி விதியேதான். கணினிப் பாதுகாப்புத் துறையினர் 2007 முதல் வழங்கும் 'போனி' விருதும் இதற்குச் சாட்சி. பெயர் இச்சொல்லிலிருந்து வந்தது. பரிசாகத் தருவதோ பொம்மை மட்டக்குதிரை. ஆங்கிலத்தில் மட்டக்குதிரைக்கும் போனி என்றே பெயர்.

அதே 2007இல் கனடாவின் வான்கூவரில் 'போன் டு ஓன்' என்ற போட்டி தொடங்கியது. மடிக்கணினியின் பாதுகாப்பை உடைத்து வசப்படுத்தினால் அது உடைத்தவருக்கே சொந்தம். தாயும் பிள்ளையும் ஒரே பெயரில் சேர்ந்தன. 2013இல் ஆஸ்திரேலியரான டிராய் ஹண்ட் 'ஹேவ் ஐ பீன் போன்டு' என்ற இலவச இணையச் சேவையை அமைத்தார். மின்னஞ்சல் முகவரியைத் தந்தால், அது எந்தெந்தத் தகவல் கசிவுகளில் சிக்கியிருக்கிறது என்று சொல்லிவிடும். பிரிட்டன், ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகளின் அரசுகளே இன்று தம் துறைகளின் முகவரிகளை அதில் கண்காணிக்கின்றன.