ஆட்டிசக் குழந்தைகளின் சவாலான நடத்தை: காரணம் அறிதலும் மாற்றுவழி கற்பித்தலும் – ஜமுனாமரத்தூரை முன்வைத்து

முன்னுரை

திருவண்ணாமலை மாவட்டத்தின் ஜவ்வாது மலையில் அமைந்துள்ள ஜமுனாமரத்தூர், ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமாகும். இங்கு வாழ்வோருள் பெரும்பான்மையோர் தமிழைப் பேச்சுமொழியாகக் கொண்ட மலையாளிப் பழங்குடியினர். சாமை முதலிய சிறுதானிய வேளாண்மையும், வனப்பொருள் சேகரிப்பும், பருவந்தோறும் சமவெளிக்குச் சென்று செய்யும் கூலிவேலையும் இவர்தம் வாழ்வாதாரங்கள். குழந்தைகள் பலர் அரசு பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளிகளில் பயில்கின்றனர்.

இத்தகைய சூழலில், ஆட்டிசம் உடைய ஒரு குழந்தை தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும்போது அருகில் இருப்பவர் உளவியல் வல்லுநர் அல்லர். தாய், பாட்டி, அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியர், விடுதிக் காப்பாளர் ஆகியோரே. வல்லுநரின் உதவி கிட்டும்வரை இவர்கள் செய்யத்தக்கது யாது என்பதை நடத்தை ஆய்வுகளின் துணைகொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சவாலான நடத்தை எது?

அமெரிக்க மருத்துவர் லியோ கானர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே ஆட்டிச ஆய்வின் தொடக்கமாகப் பெரிதும் கருதப்படுகிறது. சமூகத் தொடர்பாடலில் வேறுபாடு, மாற்றத்தை ஏற்க இயலாமை, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் என்பன இதன் இயல்புகள். இவை அனைத்தும் சவாலான நடத்தை ஆகிவிடா. கையை உதறுவதாலோ சுற்றிச் சுற்றி ஓடுவதாலோ எவர்க்கும் தீங்கில்லை. தனக்கோ பிறர்க்கோ உடல்தீங்கு விளைவிப்பதும், கல்வி முதலிய பொதுவாழ்விலிருந்து குழந்தையை விலக்கி வைக்கும் நிலையை உண்டாக்குவதுமான நடத்தையையே எரிக் எமர்சன் போன்ற ஆய்வாளர்கள் இப்பெயரால் குறிக்கின்றனர்.

இவ்வரையறையில் சூழலுக்கும் பங்குண்டு. கொல்லையிலும் மேட்டுநிலத்திலும் தடையின்றி ஓடித் திரிந்த குழந்தை, மணியோசை, உணவு வரிசை, பலர் கூடி உறங்கும் அறை ஆகியவற்றைக் கொண்ட விடுதிக்கு வந்ததும் அலறத் தொடங்கலாம். இங்கு மாறியது குழந்தையன்று, அதன் சூழலே.

ஒரே நடத்தை, வேறுவேறு காரணங்கள்

பிரையன் இவாட்டாவும் அவர்தம் குழுவினரும் 1982இல் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் 9 பேரை வெவ்வேறு சூழல்களில் வைத்து உற்றுநோக்கினர். அவர்களுள் 6 பேரிடம் அந்நடத்தை ஒரு குறிப்பிட்ட சூழலில் தொடர்ந்து மிகுந்து காணப்பட்டது. அச்சூழல் ஆளுக்கு ஆள் வேறுபட்டது. இதன்வழி வளர்ந்த ஆய்வுகள் நான்கு காரணங்களை முதன்மைப்படுத்துகின்றன: பிறர் கவனத்தைப் பெறுதல், விரும்பிய பொருளைப் பெறுதல், கடினமான பணியிலிருந்தோ சூழலிலிருந்தோ விடுபடுதல், புலனுணர்வு சார்ந்த நிறைவு பெறுதல்.

காரணம் அறியாமல் தரும் எதிர்வினை நடத்தையை வளர்த்துவிடக்கூடும். எடுத்துக்காட்டாக, எழுத்துப்பணி கடினமாக இருப்பதால் ஒரு குழந்தை பக்கத்திலிருப்பவரைக் கடிக்கிறது எனக் கொள்வோம். ஆசிரியர் அக்குழந்தையை வகுப்பிற்கு வெளியே அனுப்புகிறார். ஆசிரியருக்கு அது தண்டனை. குழந்தைக்கோ அது விடுதலை. கடித்தால் எழுத வேண்டியதில்லை என்பதே அது கற்ற பாடம். கவனத்தை நாடிக் கடிக்கும் குழந்தைக்கு நீண்ட அறிவுரையும் இவ்வாறே பரிசாகிவிடும்.

அளவீடும் காரணமும்

செகந்திராபாத் தேசிய நிறுவனம் உருவாக்கிய இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல் 40 கூறுகளைக் கொண்டது. அதில் 70 அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்பெண் ஆட்டிசத்தைச் சுட்டும். சான்றிதழுக்கும் அரசு உதவிகளுக்கும் இவ்வளவீடு இன்றியமையாதது. ஆயினும், அது ஆட்டிசத்தின் அளவைக் கூறுமேயன்றி, ஒரு குழந்தை குறிப்பிட்ட நேரத்தில் ஏன் கடிக்கிறது என்பதைக் கூறாது. அதனை அன்றாடம் உடனிருப்போரே அறிய இயலும்.

இதற்கு ஒரு குறிப்பேடு போதுமானது. நடத்தைக்கு முன் நிகழ்ந்தது, நடத்தை, அதன்பின் பிறர் செய்தது என்னும் மூன்றையும் நாள், நேரத்துடன் இரண்டு வாரங்கள் எழுதிவந்தால் பெரும்பாலும் ஓர் ஒழுங்கு புலப்படும். எழுதப் பயிலாத தாய் சொல்ல, அங்கன்வாடிப் பணியாளர் எழுதலாம். தந்தை வேலைக்கு மலையிறங்கிய நாள், விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பிய நாள் ஆகியனவும் குறிப்பில் இடம்பெற வேண்டும். திடீரெனத் தோன்றிய நடத்தைக்குப் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், உறக்கமின்மை, வலிப்பு ஆகியன காரணமா என்பதை மருத்துவர் முதலில் ஆராய வேண்டும். ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வரும்போது இக்குறிப்பேட்டை அவர்களிடம் காட்டலாம்.

மாற்றுவழி கற்பித்தல்

எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் ஆகியோர் 1985இல் வளர்ச்சிக் குறைபாடுடைய 4 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு இங்குக் கருதத்தக்கது. பணி கடினமானபோது கட்டுமீறிய குழந்தைக்கு உதவி கேட்கும் தொடரையும், கவனம் குறைந்தபோது கட்டுமீறிய குழந்தைக்குப் பாராட்டை நாடும் தொடரையும் அவர்கள் கற்பித்தனர். காரணத்திற்குப் பொருந்திய தொடரைக் கற்றபோது நடத்தை வெகுவாகக் குறைந்தது. பொருந்தாத தொடரைக் கற்றபோது அவ்வாறு குறையவில்லை. பேசக் கற்பித்தல் மட்டும் போதாது, தேவைக்குரிய சொல்லைக் கற்பித்தல் வேண்டும் என்பதே இதன் முடிவு.

அச்சொல் பாடநூல் தமிழாக இருத்தல் வேண்டா. குழந்தையின் வீட்டார் வழங்கும் சொல்லாக இருப்பதே பயன்தரும். பேசாத குழந்தைக்குக் கைச்சைகையோ படஅட்டையோ அப்பணியைச் செய்யும். தொடக்கத்தில் அக்குழந்தை ஒவ்வொரு முறை கேட்கும்போதும் கேட்டது கிடைத்தாக வேண்டும்; இல்லையேல் பழைய நடத்தையே எளிய வழியாகத் தோன்றும். பழைய நடத்தைக்குக் கிடைத்துவந்த பயன் நின்றதும் அது சில நாள்கள் கூடலாம். இதனைத் தோல்வியெனக் கருதி வீட்டாரோ விடுதியாரோ பழைய முறைக்குத் திரும்பினால், உரக்கக் கத்தினால் கிடைக்கும் என்பதைக் குழந்தை கற்றுக்கொள்ளும். எனவே இருவரும் ஒரே முறையைக் கைக்கொள்ள வேண்டும். கடுமையான தற்காயம் நிகழுமிடத்து இம்முறையை வல்லுநரின் மேற்பார்வையில் மட்டுமே செய்தல் வேண்டும்.

சட்டமும் பள்ளியும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, தான் பட்டியலிடும் 21 இயலாமைகளுள் ஆட்டிசத்தையும் சேர்த்துள்ளது. 40 விழுக்காட்டிற்குக் குறையாத இயலாமை கொண்ட 6 முதல் 18 வயதுக்குட்பட்டோருக்கு இலவசக் கல்வி உரிமையை அதன் 31ஆம் பிரிவு வழங்குகிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. ஆயினும், கடிக்கும் குழந்தையை வீட்டிற்கு அழைத்துச் செல்லுமாறு பெற்றோரிடம் சொல்லப்படும் ஒரு சொல்லில் இவ்வுரிமை நழுவிவிடும். அருகில் வேறு பள்ளி இல்லாத மலையூரில் அச்சொல் கல்வியின் முடிவாகவே அமையும்.

முடிவுரை

சவாலான நடத்தையை அடங்காமை என்றோ வளர்ப்பின் குறை என்றோ கொள்வது காரணத்தை மறைத்துவிடுகிறது. முன்நிகழ்வையும் பின்விளைவையும் பதிவுசெய்து, உடல்நோயை விலக்கி, சூழலைத் திருத்தி, தேவைக்குரிய மாற்றுவழியைக் கற்பித்தல் என்னும் வரிசை பெருநகர மையங்களுக்கு மட்டும் உரியதன்று. இதன் முதற்படியாகிய உற்றுநோக்கலை ஜமுனாமரத்தூர் போன்ற மலையூர்களில் தாயும் ஆசிரியரும் இணைந்து தொடங்க இயலும். அவர்கள் எழுதும் குறிப்பேடு, பின்னர் வரும் வல்லுநருக்கு வழிகாட்டியாகவும், குழந்தை பள்ளியில் நிலைத்திருப்பதற்குத் துணையாகவும் அமையும்.